கண்ணை அளந்தவர்கள்

நீங்கள் மூக்குக் கண்ணாடி அணிபவரா? அப்படியானால் இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கமானதாகவே இருக்கும். பாதி இருட்டான ஓர் அறை. எதிர்ச் சுவரில், கீழே வரவரச் சிறுத்துக்கொண்டே போகும் எழுத்துகள். உங்கள் மூக்கின்மேல் கனமான ஒரு சட்டம். எதிரே நிற்பவர் அந்தச் சட்டத்தில் ஒவ்வொரு லென்சாகச் செருகி, “இது தெளிவாக இருக்கிறதா, முன்பு போட்டதா?” என்று கேட்கிறார். இடையில் ஒரு கைவிளக்கின் ஒளிக்கீற்றை உங்கள் கண்ணில் அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்க்கிறார். உங்களை ஒரு கேள்வியும் கேளாமல் ஏதோ ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறார்.

அவரை நாம் பெரும்பாலும் ‘டாக்டர்’ என்றே அழைத்துவிடுகிறோம். ஆனால் பல இடங்களில் அவர் மருத்துவர் அல்லர். கண்ணாடி விற்பவரும் அல்லர். ஆப்டோமெட்ரிஸ்ட் என்பது அவருடைய தொழிற்பெயர். பார்வையை அளப்பவர் என்று தமிழில் சொல்லலாம்.

மருத்துவர் அல்லாத ஒருவர் நம் கண்ணைச் சோதிக்கும் தகுதியை எப்படிப் பெற்றார்? அவருடைய அறிவு எங்கிருந்து வந்தது? அந்த அறிவின் எல்லை எது? இக்கேள்விகளுக்கு விடை காண, 1892ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் மூன்று டாலர் கட்டணம் ஒன்றைப் பற்றி எழுந்த சச்சரவை அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு முன்னால் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

கூடையில் வந்த கண்ணாடி

மூக்குக் கண்ணாடி பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றியது. அதைக் கண்டுபிடித்தவர் மருத்துவர் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. கண்ணாடித் தொழிலாளிகளின் கைத்திறனில் அது வளர்ந்தது. அதன்பின் சில நூற்றாண்டுகள் வரை, கண்ணாடி வேண்டுவோர் செய்தது ஒன்றுதான்: தெருவில் கூடையோடு வரும் வியாபாரியிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிப் பார்ப்பது, எது சுமாராகத் தெரிகிறதோ அதை வாங்கிக்கொள்வது. நம் ஊர்ச் சந்தைகளில் துணி விரித்து வெள்ளெழுத்துக் கண்ணாடி விற்பவரிடம் இன்றும் இதே முறைதான்.

கண் எப்படிப் பார்க்கிறது என்பதே அக்காலத்தில் சரியாகத் தெரியாது. 1604ஆம் ஆண்டில் வானியலறிஞர் கெப்ளர், ஒளி கண்ணுக்குள் ஒளிவிலகல் அடைந்து விழித்திரையில் தலைகீழான பிம்பமாக விழுகிறது என்று விளக்கினார். பிம்பம் விழித்திரைக்கு முன்னால் விழுந்தால் கிட்டப்பார்வை; பின்னால் விழ முற்பட்டால் தூரப்பார்வை. இன்று பள்ளி மாணவரும் அறிந்த இப்பாடத்தின் அடித்தளம் அதுவே. 1623ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் செவில் நகரில் பெனிட்டோ தாசா தெ வால்தேஸ் என்பவர், கண்ணாடிகளை வரிசையாக எண்ணிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையை ஒரு நூலாகவே எழுதினார். அவரும் மருத்துவர் அல்லர். சமய விசாரணை மன்றத்தின் ஆவண எழுத்தர்!

தம் கண்ணையே சோதித்தவர்கள்

கெப்ளருக்குப் பின் இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, தாமஸ் யங் என்ற ஆங்கிலேய அறிஞர் இத்துறையில் நுழைந்தார். ஒளியின் அலைத்தன்மையைக் குறுக்கீட்டுச் சோதனையால் காட்டிய அதே யங்தான். மருத்துவமும் பயின்றவர். நாம் தூரத்தையும் அருகையும் மாறிமாறித் தெளிவாகப் பார்ப்பது எப்படி என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. கண்ணின் முன்புறம் உள்ள ஒளிபுகும் படலமாகிய கார்னியாவின் வளைவு மாறுகிறதா? அல்லது உள்ளேயிருக்கும் விழிலென்சு மாறுகிறதா?

இதற்கு விடை காண அவர் தம் கண்ணையே சோதனைக் கருவியாக்கினார். நீர் நிரப்பிய ஒரு சிறு குழாயைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டார். நீரின் ஒளிவிலகல் எண்ணும் கார்னியாவின் ஒளிவிலகல் எண்ணும் ஏறத்தாழச் சமம். ஆகவே நீரில் கார்னியாவின் திறன் அநேகமாக மறைந்துவிடும். அந்த இழப்பை ஈடுசெய்யக் குழாயின் முனையில் ஒரு லென்சைப் பொருத்தினார். அப்போதும் தூரத்தையும் அருகையும் அவரால் மாற்றிப் பார்க்க முடிந்தது. ஆகவே மாறுவது விழிலென்சுதான் என்று முடிவு கட்டினார்.

இந்த ஆய்வின்போது மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. அவருடைய கண் எல்லாத் திசைகளிலும் ஒரே திறன் உடையதாக இல்லை. படுக்கைக் கோட்டுக்கு ஒரு குவிதூரம், செங்குத்துக் கோட்டுக்கு வேறொரு குவிதூரம். 1801ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இக்குறையே சிதறல் பார்வை எனப்படுகிறது. பந்தின் பரப்பு எப்பக்கமும் ஒரே அளவாக வளைந்திருக்கிறது. முட்டையின் பக்கவாட்டுப் பரப்போ ஒரு திசையில் அதிகமாகவும் மறுதிசையில் குறைவாகவும் வளைந்திருக்கிறது. அத்தகைய வளைவு கண்ணில் அமைந்துவிட்டால் ஒரு புள்ளி புள்ளியாகத் தெரியாது; கோடாக இழுபடும்.

இக்குறைக்கு முதன்முதலில் கண்ணாடி செய்துகொண்டவர் ஜார்ஜ் ஏரி. பின்னாளில் இங்கிலாந்தின் அரச வானியலறிஞரானவர். தம் இடக்கண்ணில் இக்குறை இருப்பதை அளந்தறிந்து, ஒரு பக்கம் உருளை வடிவாகத் தேய்த்த லென்சு வேண்டும் என்று கணக்கிட்டார். 1825ஆம் ஆண்டளவில் இப்ஸ்விச் நகரைச் சேர்ந்த ஃபுல்லர் என்ற கைவினைஞர் அதைச் செய்து கொடுத்தார். கணக்குப் போட்டது ஓர் அறிஞர். தேய்த்துக் கொடுத்தது ஒரு தொழிலாளி. இவ்விருவரும் ஒருவராக வேண்டியிருந்தது. அவரே பிற்காலத்து ஆப்டோமெட்ரிஸ்ட்.

கருமைக்குள் வெளிச்சம்

பிறர் கண்ணின் பாவை ஏன் கறுப்பாகத் தெரிகிறது என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? உள்ளே வெளிச்சம் போகாததால் அன்று. கண்ணுக்குள் சென்ற ஒளியின் ஒரு பகுதி, வந்த வழியே திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே போய்ச் சேருகிறது. அந்த ஒளியைக் காண வேண்டுமானால் நம் கண் விளக்கு இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். அங்கே தலையை வைத்தாலோ விளக்கு மறைந்துவிடும்.

இந்த முடிச்சை 1850ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அவிழ்த்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. சாய்த்து வைத்த கண்ணாடித் தகடுகளால் பக்கத்து விளக்கின் ஒளியை நோயாளியின் கண்ணுக்குள் செலுத்தினார். அதே தகடுகளின் ஊடாகத் திரும்பி வரும் ஒளியைத் தாம் பார்த்தார். உயிரோடிருக்கும் மனிதனின் விழித்திரையும் அதன் இரத்தக் குழாய்களும் கண் நரம்பின் தலையும் முதன்முறையாகத் தெளிவாகத் தெரிந்தன. ‘கண்நோக்கி’ எனத்தகும் இக்கருவியைப் பற்றி அவர் 1851ஆம் ஆண்டில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். கண் மருத்துவம் அன்றே புதுப் பிறவி எடுத்தது எனலாம்.

அதன்பின் அளவுகோல்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஹாலந்தின் உட்ரெக்ட் நகரில் ஸ்னெல்லன் என்ற மருத்துவர் 1862ஆம் ஆண்டில் எழுத்து அட்டையை வெளியிட்டார். நீங்கள் சுவரில் காணும் எழுத்துகளுக்குப் பின்னால் எளிய கோணக் கணக்கு ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட தூரத்தில் முழு எழுத்து கண்ணில் 5 நிமிடக் கோணமும், அதன் ஒவ்வொரு கோடும் 1 நிமிடக் கோணமும் ஏற்படுத்த வேண்டும். அதன்படி 6 மீட்டரில் படிக்க வேண்டிய எழுத்தின் உயரம் சுமார் 8.7 மில்லிமீட்டர். உங்கள் சீட்டில் 6/18 என்று எழுதியிருந்தால், குறையற்ற கண் 18 மீட்டரில் படிக்கும் எழுத்தை நீங்கள் 6 மீட்டரில்தான் படிக்கிறீர்கள் என்று பொருள்.

ஸ்னெல்லனோடு பணியாற்றிய டாண்டர்ஸ், 1864ஆம் ஆண்டில் ஒளிவிலகல் குறைகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். வயதாவதால் வரும் வெள்ளெழுத்து வேறு, கண்ணின் அமைப்பால் வரும் தூரப்பார்வை வேறு என்று தெளிவுபடுத்தியவர் அவரே. 1872ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் மோனாயே ‘டயாப்டர்’ என்ற அலகைத் தந்தார். அதுவரை லென்சுகளுக்கு அங்குலத்தில் எண்ணிட்டு வந்தார்கள். நாட்டுக்கு நாடு அங்குலமே வேறுபட்டது! மீட்டரில் அளந்த குவிதூரத்தின் தலைகீழியே டயாப்டர். அரை மீட்டர் குவிதூரம் என்றால் 2 டயாப்டர். இரண்டு லென்சுகளைச் சேர்த்து வைத்தால் டயாப்டர்களைக் கூட்டிக்கொண்டால் போதும்.

1873ஆம் ஆண்டில் பிரான்சின் ராணுவ மருத்துவர் கிய்னே இன்னொரு முறையைக் கண்டார். நாம் முதலில் பார்த்த, ஒளிக்கீற்றை ஆட்டும் சோதனை அதிலிருந்து வளர்ந்ததுதான். கண்ணில் ஒளியை மெல்ல நகர்த்தினால், பாவைக்குள் தெரியும் செந்நிற ஒளியும் நகர்கிறது. அது நாம் நகர்த்தும் திசையிலேயே சென்றால் குவிலென்சும், எதிர்த்திசையில் சென்றால் குழிலென்சும் வைக்க வேண்டும். அசைவு நின்று பாவை முழுவதும் ஒரே நேரத்தில் ஒளிரும் நிலையே விடை. சோதிப்பவர் முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாக, அதாவது சுமார் 67 செ.மீ. தொலைவில் இருந்தால், கிடைத்த எண்ணிலிருந்து 1.5 டயாப்டரைக் கழிக்க வேண்டும். +3.5 டயாப்டர் லென்சில் அசைவு நின்றால், கண்ணின் குறை +2. பேசத் தெரியாத குழந்தையின் கண்ணையும் இவ்வாறு அளந்துவிடலாம். கிய்னே இவ்வொளி கார்னியாவிலிருந்து வருவதாக எண்ணினார். அது விழித்திரையிலிருந்து வருகிறது என்பது பின்னரே தெளிவாயிற்று.

மூன்று டாலர்

இனி நியூயார்க்குக்கு வருவோம். அங்கே ஒளியியல் கருவிகள் செய்து விற்ற ஜேம்ஸ் பிரெண்டிசின் மகன் சார்லஸ் பிரெண்டிஸ். 1854ஆம் ஆண்டில் பிறந்தவர். ஜெர்மனியின் கார்ல்ஸ்ருஹே நகரில் பொறியியல் பயின்று திரும்பி, தந்தையின் தொழிலில் சேர்ந்தார். லென்சுகளைப் பற்றி ஆய்வுரைகள் எழுதினார். முப்பட்டகத்தின் திறனை அளக்க அவர் 1890ஆம் ஆண்டில் முன்மொழிந்த அலகு இன்றும் வழக்கில் உள்ளது: 1 மீட்டர் தொலைவில் ஒளியை 1 செ.மீ. விலக்கும் முப்பட்டகம் ஒரு பிரிசம் டயாப்டர்.

அவர் பெயரால் வழங்கும் விதியும் எளிதானது. லென்சின் மையம் கண்ணுக்கு நேரே இல்லாமல் விலகியிருந்தால், அந்த விலகலைச் சென்டிமீட்டரில் எடுத்து லென்சின் திறனால் பெருக்குங்கள். 5 டயாப்டர் லென்சு 4 மில்லிமீட்டர் விலகியிருந்தால் 0.4 × 5 = 2 பிரிசம் டயாப்டர். புதுக்கண்ணாடி போட்டதும் சிலருக்குத் தலைவலி வருவதற்கு இது ஒரு காரணம். எண் சரியாக இருந்தும் மையம் தவறியிருக்கலாம்.

உங்கள் கண்ணாடியைக் கழற்றிக் கையை நீட்டிப் பிடித்து, அதன் வழியே கதவின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே மெல்லப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். விளிம்பும் அதே பக்கம் நகர்ந்தால் குழிலென்சு. எதிர்ப்பக்கம் நகர்ந்தால் குவிலென்சு. நகர்த்தாமல் வட்டமாகத் திருப்பும்போது விளிம்பு சாய்ந்தால், அதில் ஏரியின் உருளை வளைவு இருக்கிறது.

1892ஆம் ஆண்டில் பிரெண்டிஸ் தம்மிடம் வந்த ஒருவரின் கண்ணைச் சோதித்துவிட்டு, ஒரு கடிதத்துடன் அவரை ஹென்றி நோய்ஸ் என்ற புகழ்பெற்ற கண் மருத்துவரிடம் அனுப்பி வைத்தார். நோய்ஸ் நன்றி தெரிவித்துப் பதில் எழுதினார். ஆனால் பிரெண்டிஸ் சோதனைக்காக மூன்று டாலர் கட்டணம் வாங்குவதை அவர் ஆட்சேபித்தார். கண்ணாடியை விற்று ஆதாயம் எடுக்கலாம். ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குவது மருத்துவருக்கே உரியது என்பது அவர் கருத்து.

பிரெண்டிஸ் இதை ஏற்கவில்லை. கண்ணில் ஒளி விலகுவதை அளப்பது ஒளியியல், லென்சு மருந்தன்று, அளக்கும் அறிவுக்குக் கட்டணம் வாங்குவது நேர்மையே என்று வாதிட்டார். நகரின் வேறு சில மருத்துவர்களும் எதிர்ப்பில் சேர்ந்துகொண்டார்கள்.

வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவர்களின் அச்சம் வெறும் தொழிற்போட்டி என்று தள்ளிவிட முடியாது. யார் வேண்டுமானாலும் கண் சோதனை என்று பலகை மாட்டிக்கொள்ளக்கூடிய காலம் அது. கண் நரம்பு நாளுக்கு நாள் அழிந்துகொண்டிருப்பவருக்கு, பயிற்சியற்ற ஒருவர் கண்ணாடியின் எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? பிரெண்டிஸ் தரப்பின் நியாயமும் குறைந்ததன்று. கண்ணாடி தேவைப்படும் கோடிக்கணக்கானவர்களுக்குக் கண் மருத்துவர்கள் மட்டும் போதுவார்களா? அப்படியானால் அளப்பவரைத் தடை செய்வதா, அவரைத் தேர்வு எழுத வைப்பதா?

பிரெண்டிஸ் இரண்டாம் வழியைத் தேர்ந்தார். 1896ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலக் கண்ணாடித் தொழிலாளரை ஒரு சங்கமாகத் திரட்டினார். தேர்வில் தேறியவரே கண்ணை அளக்கலாம் என்ற மசோதா ஒன்று சட்டசபைக்குச் சென்றது; தோற்றது. முதல் வெற்றி வேறோரிடத்தில், 1901ஆம் ஆண்டில் மின்னசோட்டா மாநிலத்தில் கிடைத்தது. நியூயார்க் 1908ஆம் ஆண்டில்தான் சட்டம் இயற்றியது. 1924ஆம் ஆண்டுக்குள் அமெரிக்கா முழுவதும் இத்தகைய சட்டங்கள் வந்துவிட்டன.

சட்டம் வந்ததும் கல்வி தொடர்ந்தது. கொலம்பியா பல்கலைக்கழகம் 1910ஆம் ஆண்டில் ஆப்டோமெட்ரி வகுப்பைத் தொடங்கியது. அதை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் சௌத்தால் என்ற இயற்பியல் பேராசிரியர். ஹெல்ம்ஹோல்ட்சின் கண் ஒளியியல் பெருநூலை ஆங்கிலத்தில் பதிப்பித்தவரும் அவரே. இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு இதில் ஒரு பெருமை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

எண்ணுக்கு அப்பால்

தொடக்கச் சட்டங்களின்படி ஆப்டோமெட்ரிஸ்ட் கண்ணில் மருந்து இடக்கூடாது. ஆனால் அளப்பதற்காகக் கண்ணைப் பார்ப்பவர் நோயையும் காணாமலிருக்க முடியாது. எண்ணுக்குரிய லென்சு போட்டும் கடைசி வரிகள் தெரியவில்லை என்றால் ஏன்? புரை வளர்கிறதா? நீரிழிவால் விழித்திரையில் இரத்தம் கசிகிறதா? எண் திடீரென மாறியது ஏன்? இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கினாலும் விழிலென்சின் திறன் மாறும் அல்லவா?

எல்லாவற்றிலும் வஞ்சகமானது கிளாக்கோமா. இதன் பெரும்பான்மையான வகை வலி தராது. பார்வையின் ஓரங்கள் முதலில் மறையும். நடுப்பார்வை கடைசிவரை நிற்கும். ஆகவே நோயாளி எழுத்து அட்டையைத் தடையின்றிப் படித்துவிடுவார்! கண்ணின் உள்ளழுத்தம் பொதுவாகப் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருக்கும். அழுத்தம் இந்த அளவுக்குள் இருக்கும்போதும் நோய் வருவதுண்டு. எனவே அழுத்தத்தை அளப்பதோடு கண் நரம்பின் தலையையும் பார்க்க வேண்டும். இழந்த பார்வை திரும்பாது, இருப்பதைக் காக்கலாம்.

அழுத்தத்தை அளக்க அக்காலத்தில் கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து தேவைப்பட்டது. 1972ஆம் ஆண்டில் குரோல்மன் என்பவர் உருவாக்கிய கருவி கண்ணைத் தொடாமலே, ஒரு நொடியில் மிகச் சிறு பகுதி நேரம் காற்றை ஊதி, கார்னியா தட்டையாவதை ஒளியால் கண்டறிந்து அழுத்தத்தைச் சொல்லியது. சொட்டு மருந்து தேவையில்லை! சட்டங்களும் மாறத் தொடங்கின. 1971ஆம் ஆண்டில் ரோட் ஐலண்டு மாநிலம் சோதனைக்கான சொட்டு மருந்துகளை அனுமதித்தது. 1976ஆம் ஆண்டில் மேற்கு வர்ஜீனியா, சில நோய்களுக்கு மருந்து தந்து குணப்படுத்தவும் அனுமதித்தது.

இந்த உரிமை நாட்டுக்கு நாடு வேறுபடும். நம் நாட்டில் கண்ணை அளப்பதும், கண்ணாடியும் தொடுலென்சும் பொருத்துவதும், கண்பயிற்சி தருவதும், நோயின் அறிகுறியைக் கண்டு மருத்துவரிடம் அனுப்புவதும் ஆப்டோமெட்ரிஸ்டின் பணிகள். அறுவை மருத்துவம் கண் மருத்துவருடையது. சென்னையில் 1985ஆம் ஆண்டில் எலைட் ஆப்டோமெட்ரிப் பள்ளி தொடங்கப்பட்டது. இன்று இத்துறையில் நான்காண்டுப் பட்டப்படிப்பு பல இடங்களில் நடைபெறுகிறது. மருத்துவத் துணைத் தொழில்களுக்காக 2021ஆம் ஆண்டில் நம் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்திலும் இத்தொழில் இடம்பெற்றுள்ளது.

இதன் தேவையை ஓர் எண்ணே சொல்லும். உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறை உண்டு. அவர்களுள் குறைந்தது 100 கோடிப் பேரின் குறை தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் சரிசெய்யப்படாதது. அவர்களுள் மிகப் பலருக்கு வேண்டியது அளந்து கொடுத்த ஒரு கண்ணாடி மட்டுமே. கரும்பலகை தெரியாமல் பக்கத்து மாணவனின் நோட்டைப் பார்த்து எழுதும் மாணவர்களை ஆசிரியர்கள் யாவரும் அறிவோம். அவர்களில் பலர் தம் கண்ணில் குறை இருப்பதையே அறியார்கள்.

மீண்டும் அந்த மூன்று டாலருக்கு வருவோம். சச்சரவு கட்டணத்தைப் பற்றித்தான் எழுந்தது. ஆனால் அதற்குக் காரணமான கடிதம் எதற்காக எழுதப்பட்டது? ஒருவரை மருத்துவரிடம் அனுப்புவதற்காக! தம் வேலை எங்கே முடிகிறது, மருத்துவரின் வேலை எங்கே தொடங்குகிறது என்று பிரெண்டிஸ் அறிந்திருந்தார். அவர் வாங்கிய மூன்று டாலரில் அந்த அறிவுக்கும் பங்கு உண்டு.

ஆகவே அடுத்த முறை நீங்கள் கண் சோதனைக்குச் செல்லும்போது, எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு அவசரமாகத் திரும்பாதீர்கள். நாற்பது வயதைக் கடந்தவர்களும், நீரிழிவு உள்ளவர்களும், குடும்பத்தில் கிளாக்கோமா உள்ளவர்களும் கண் அழுத்தத்தையும் விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். திடீரென மின்னல் கீற்றுகள் தெரிந்தாலோ, பார்வையில் திரை விழுந்தாற்போல் இருந்தாலோ, கண் சிவந்து கடுமையாக வலித்தாலோ, கண்ணாடியை மாற்ற எண்ணாமல் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

சோதித்தவர், “கண்ணாடியால் இது சரியாகாது; இந்தச் சீட்டை மருத்துவரிடம் காட்டுங்கள்” என்று சொன்னால், அவருக்குத் தொழில் தெரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தொழில் தெரிந்தவர் என்பதற்கு அந்தச் சீட்டே சான்று.